பச்சை ஹெரால்டின் பிரேக்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
4 ஆகஸ்ட் 2025

சிட்டிபாபு மாமாவுக்கு,

கலைவாணி எழுதுகிறேன். ரேஸ்கார மாணிக்கவேலின் மகள். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது, இப்போது நாற்பத்தாறு. உங்கள் விலாசத்தை நமச்சிவாயம் சார் கொடுத்தார். சோழவரம் கார் ரேஸில் ஸ்டாப் வாட்ச் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். "போன் பண்ணாதம்மா, லாரி இன்ஜின் சத்தத்துல அவனுக்கு ரெண்டு காதும் போயிடுச்சி. லெட்டர் போடு, படிப்பான்" என்றார். அதனால்தான் தபால் நிலையத்தில் போய்க் கவர் வாங்கினேன்.

அப்பா போய்விட்டார் மாமா. போன கார்த்திகையில். காலையில் காபி குடித்துவிட்டு, ஜரிகைக் கரை நெய்யத் தறியில் மாட்டும் டிசைன் அட்டையில் துளை குத்த உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். கால் போன பிறகு முப்பத்தேழு வருஷமும் அவருக்கு அந்த அட்டை வேலைதான். கடைசி ஊர்வலத்தில் அவருடைய வெள்ளை பியட் கார் முன்னால் போகவேண்டும் என்று தெரு ஆட்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பேட்டரி செத்துக் கிடந்தது. பாலாறு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள். அழுதுகொண்டே சிரித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பியட் இப்போது ஓடுகிறது. பச்சை ஹெரால்டுதான் பிரச்சினை. உங்களுக்குத் தெரியும், அப்பாவின் ரேஸ் கார், நம்பர் 27. சோழவரத்தில் அடிபட்டு வந்த நாளிலிருந்து பின்பக்க ஷெட்டில் தார்பாயின் கீழ் நிற்கிறது. அப்பா யாரையும் கதவைத் திறக்கக்கூட விட்டதில்லை. வருஷ திவசத்துக்குள் அதை ஓடவைத்து, நம் தெருவை ஒரு சுற்றாவது சுற்றிவரச் செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. செவிலிமேட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் தினேஷ் நல்ல வேலைக்காரர். அவரே சொல்கிறார்: "யாரு கை வச்சி கட்டுன வண்டியோ, அவுரு ஒருவாட்டி வந்து பாத்தா நல்லாருக்கும்கா."

கட்டியவர் நீங்கள். வாருங்கள் மாமா.

கலைவாணி

*

ஓசூர்
14-8-25

பாப்பா கலைவாணிக்கு,

மாணிக்கம் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணிக்கு என் வருத்தத்தைச் சொல்லு.

என்னால் வர முடியாது. வயது எழுபத்திரண்டு. பஸ் ஒத்துக்கொள்வதில்லை.

பியட்டை வைத்துக்கொள். நல்ல வண்டி. பச்சையை இரும்புக்குப் போட்டுவிடு. அதில் யாரையும் ஏற்றாதே. அந்த தினேஷிடம் பிரேக் பக்கம் கை வைக்கவேண்டாம் என்று சொல்.

சிட்டிபாபு

*

பிள்ளையார்பாளையம்
20 ஆகஸ்ட் 2025

மாமா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பஸ்ஸு ஒத்துக்கலையாமா? அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடும்போது மட்டும் எந்தப் பஸ்ஸுல ஓடினானாம்?" என்று கேட்டாள். கேட்டதை அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இப்போது என் பங்கு.

எனக்கு நினைவிருக்கிறது. ரேஸ் என்றால் லாரி பிடித்துத் தெருவே சோழவரம் போகும். தூக்கு நிறையப் புளியோதரை. பச்சை வண்டி வளைவில் சாயும்போது எங்கள் கூட்டம் மொத்தமும் சேர்ந்து ஒரு பக்கம் சாயும். நீங்கள் ஒரு தகர டிரம்மேல் ஏறி நின்று, பலகையில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவீர்கள். "அந்த வேகத்துல எழுத்தை எங்க படிக்கிறது? பெருசா எழுதியிருந்தா திட்றான்னு அர்த்தம், சின்னதா இருந்தா பரவால்லன்னு அர்த்தம்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். மெட்ராஸ் பணக்காரர்களின் வெளிநாட்டு வண்டிகளுக்கு நடுவில், நெசவுக்காரர் ஓட்டிய வண்டி இரண்டாவதாக வந்ததே, அந்தக் கோப்பை இன்னும் இருக்கிறது. அம்மா அதில் புளி போட்டு வைத்திருக்கிறாள்.

அப்படி ஒட்டிக்கொண்டிருந்த மனுஷன், கால் போன மூன்றாம் நாள் காணாமல் போனீர்கள். வேறு டீம் கூப்பிட்டது, போய்விட்டான் என்று ஊரில் பேசினார்கள். அப்பா அதை நம்பவில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் தபால்காரரைக் கூப்பிட்டு, "சிட்டிகிட்டேர்ந்து கார்டு எதனா வந்துச்சா?" என்று கேட்பார். பத்துப் பதினைந்து வருஷம் கேட்டார். பிறகு ஒரு பொங்கலுக்குக் கேட்கவில்லை. "நொண்டியோட அவனுக்கு இன்னா வேலை" என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கோபம் வராதா, சொல்லுங்கள். செத்த பிறகாவது ஒருமுறை வந்தால் என்ன? வராவிட்டால் காரணத்தையாவது எழுதுங்கள். பஸ் கதை வேண்டாம்.

கலைவாணி

*

ஓசூர்
7-9-25

கலைவாணி,

இதை எழுத இரண்டு வாரம் ஆனது. மூன்று தாள் கிழித்தேன். என் மனைவி கங்கையம்மாளுக்குக்கூட இதுநாள்வரை சொன்னதில்லை.

உங்கப்பன் காலை எடுத்தது டாக்டர் இல்லை. நான்.

1987. அக்டோபர் ஒன்று, ஆயுத பூஜை. உங்கள் வீட்டில், இழையைச் சுமந்து தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டைக்குப் பக்கத்தில் என் ஸ்பானர்களை வைத்துப் பொட்டு வைத்தவள் உங்கம்மா. எங்கள் தெரு ஆளின் கருவியை அந்த வீதியில் வேறு எந்த வீட்டிலும் உள்ளே வைத்திருக்கமாட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக்கூடாது. வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகிக்கொண்டிருந்தது, ஞாயிறு ரேஸ். வேலையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போய், அவசர அவசரமாகச் செய்தேன்.

பிரேக் பெடலையும் சிலிண்டர் கம்பியையும் ஒரு ஆணி சேர்க்கும். அந்த ஆணி கழன்றுவிடாமல் இருக்க, அதன் துளையில் ஸ்பிளிட் பின் ஒன்றைக் கோத்து மடித்துவிடவேண்டும். விரல் நீளக் கம்பிதான். அது இல்லாவிட்டால் ஆணி ஆடி ஆடி விழும், பிரேக் போகும்.

ஏழாவது சுற்று. நேர்ப்பாதை முடிந்து வளைவு வருகிறது. நான் டிரம்மேல் நிற்கிறேன். வண்டி வேகம் குறையவே இல்லை. அப்படியே போய் மண் நிரப்பிய பீப்பாய்களில் முட்டியது. வண்டியின் மூக்கு மடங்கி அவன் கால்வரை உள்ளே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பீடி எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டேன். கையில் வந்தது ஸ்பிளிட் பின். புதுசு, மடிக்காதது. போடவேண்டியதைப் போடாமல் பையில் வைத்திருக்கிறேன்.

உங்கப்பன் கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவாண்ட ஒண்ணும் சொல்லாதடா சிட்டி" என்றான். அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறான் என்று புரிந்துகொண்டேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை என்னால் தாங்க முடியவில்லை. அடிபட்ட வண்டியை ஊருக்குக் கட்டி இழுத்துவந்தபோது குனிந்து பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. மறுநாள் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பின் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ கேட்ட காரணம் இதுதான். இனி எழுதவேண்டாம். எழுதினால் திட்டியே எழுது.

சிட்டிபாபு

*

பிள்ளையார்பாளையம்
22 செப்டம்பர் 2025

மாமா,

திட்டத்தான் இருந்தேன். பொய் சொல்லமாட்டேன். முதல்முறை படித்ததும் கடிதத்தைச் சுருட்டி பிரிட்ஜ்மேல் எறிந்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. மறுநாள் தினேஷைக் கூப்பிட்டு, "மத்ததெல்லாம் இருக்கட்டும், பிரேக்கை மட்டும் பிரிங்க" என்றேன். பின் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, நன்றாக ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைப்பு.

பின் இருக்கிறது மாமா.

இன்னொருமுறை எழுதுகிறேன். பின் இருக்கிறது. மடங்கிய தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, தினேஷ் டார்ச் அடித்துக் காட்டினார். ஆணி அதன் இடத்தில், பின் அதன் துளையில். "பாருக்கா, ஒரு காலை மேல, ஒரு காலை கீழ, எவ்ளோ நீட்டா மடிச்சி வுட்ருக்காரு. இப்ப யாரு இப்படி மடிக்கிறாங்க?" என்றார். சிலிண்டர், பைப் எல்லாம் சரி. ஆயில் காய்ந்துபோனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. போட்டோ வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். உங்கள் வேலையில் தப்பே இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக இல்லை.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரேக் சரி, ஆனால் பெடல் இறங்கவில்லை. தினேஷ் அதன் அடியில் கையை விட்டுத் துழாவி, எதையோ ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தார். ஒரு சாண் நீள மரக்கட்டை, இரண்டு முனையும் கூர். எங்கள் தறியின் நாடா. பெடலுக்கும் தரைக்கும் நடுவில் இறுகிப்போய்க் கிடந்திருக்கிறது. வயிற்றுப்பக்கம் ஆணியால் கீறிய ஒரு நட்சத்திரம். கீறியது நான், இரண்டாம் வகுப்பு படிக்கும்போது.

வைத்ததும் நான்தான்.

கையில் வாங்கிய நிமிஷம் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் கை கழுவிக் காபி குடிக்க உள்ளே போனீர்கள். பூஜையில் வைத்து எடுத்த நாடாவை ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நாடா எத்தனைமுறை அந்தப் பக்கம் போனாலும் இந்தப் பக்கம் திரும்பிவரும் இல்லையா? அப்பாவும் அப்படித் திரும்பி வரவேண்டும் என்று. சாமி காரியம் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அப்பா பிரேக் போடப் போட அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் உருண்டு, ஏழாவது சுற்றில் பெடலுக்கு அடியில் போயிருக்கும் என்று தினேஷ் சொல்கிறார். தண்ணி பாட்டில் உருண்டு இப்படி ஆன வண்டிகளை அவர் பார்த்திருக்கிறாராம்.

அம்மாவிடம் நாடாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைக் காணோம்னு வீட்டையே பொரட்டிப் போட்டேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்த மனுஷன், 'நான்தான் ஒடச்சிட்டேன், வேற வாங்கிக்கோ'ன்னாரு. இவுரு எப்ப தறிகிட்ட வந்தாரு, எப்ப ஒடச்சாருன்னு நெனச்சேன். கால் போனவர்கிட்ட போய் நாடா கணக்கா கேக்கறதுன்னு வுட்டுட்டேன்" என்றாள்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டிக்குள் சிக்கிக் கிடந்தபோது குனிந்து பார்த்திருக்கிறார், அந்த நட்சத்திரம் யார் கீறியது என்று அவருக்குத் தெரியாதா? அதனால்தான் அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது என்றார். "பாப்பாவாண்ட சொல்லாத" என்றது உங்களைக் காப்பாற்ற இல்லை மாமா.

இப்போது சொல்லுங்கள், அவர் காலை எடுத்தது யார்? எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஷெட்டைப் பூட்டச் சொல்லிவிட்டேன். இரும்புக்கடைக்காரர் வருகிற ஞாயிறு மத்தியானம் வருகிறார். நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்.

கலைவாணி

*

ஓசூர்
25-9-25
(ஸ்பீடு போஸ்ட்)

அடி பைத்தியக்காரி,

இரும்புக்கடைக்காரனைத் துரத்து. முதலில் அதைச் செய். பிறகு மீதியைப் படி.

போட்டோவைப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாசலில் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் மடிப்புதான். நான் எப்போதும் பெட்டியிலிருந்து இரண்டு பின் எடுப்பேன், ஒன்றைப் போடுவேன், கை தவறினால் இருக்கட்டும் என்று ஒன்றைப் பையில் வைப்பேன். முப்பத்தெட்டு வருஷத்தில் இது ஒருநாளாவது என் மண்டையில் ஏறியதா? ஏறவில்லை. பயம் வந்தவனுக்குத் தன் கைப்பழக்கம்கூட மறந்துபோகிறது. பட்டறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கங்கையம்மாள் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடிவந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கா இத்தினி வருஷம் மூஞ்சிய தூக்கிவச்சிக்கினு இருந்த?" என்று கேட்டுவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு மாணிக்கத்தின் மேல் கோபமும் இருக்கிறது. செத்தவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள், நான் படுகிறேன். என்னிடம் சொல்லியிருக்கலாமே, அறிவுகெட்டவன். ஆனால் சொல்ல நான் எங்கே நின்றேன்? நான் எதற்கு ஓடினேன் என்று அவனுக்குத் தெரியாது. அவன் எதை மறைத்தான் என்று எனக்குத் தெரியாது. இரண்டு முட்டாள்கள். வேகத்தில் மட்டும் குறைச்சல் இல்லை.

இப்போது உன் விஷயம். யார் காலை எடுத்தது என்று கேட்டாயே, கேள். வண்டி புறப்படும்முன் சீட்டுக்கு அடியில், பெடலுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவிப் பார்ப்பது மெக்கானிக் வேலை. எல்லா ரேஸுக்கும் பார்ப்பேன். அன்றைக்கு அவசரத்தில் பார்த்தேனா என்று சத்தியமாக நினைவில்லை. ஓட்டுகிறவனும் பார்க்கவேண்டும், அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த வளைவுக்கு முன்னூறு அடி முன்னாலேயே பிரேக் பிடி என்று நான் பலகையில் பெரிதாக எழுதிக் காட்டுவேன். அவன் நூறடிக்கு முன்னால்தான் பிடிப்பான். முன்னூறில் பிடித்திருந்தால் பெடல் இறங்கவில்லை என்று தெரிந்ததும் கியரைக் குறைத்து, வண்டியைப் புல்லில் இறக்கியிருப்பான். பெரிய ஆட்கள் இரண்டு பேரின் தப்புக்கு நடுவில், எட்டு வயதுப் பெண் அப்பா திரும்பி வரவேண்டும் என்று சாமி கும்பிட்டிருக்கிறாள். அதற்குப் பெயர் குற்றமா?

மாணிக்கம் அதைத் தெரிந்துகொண்டு முப்பத்தேழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷனுக்கு வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். கால் போனதற்குக்கூட அவன் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான். நீ சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கத்தானே அத்தனையும்? அதை இப்போது நீ எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால் அவன் பட்டதெல்லாம் வீண். நான் அந்தச் சுமையைத் தப்பாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அதனால் சொல்கிறேன். அதில் ஒரு புண்ணியமும் கிடையாது. யார் காலும் அதனால் முளைப்பதில்லை. சோறுதான் இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கங்கையம்மாளும் வருகிறாள். அண்ணியிடம் சொல்லிவை. திட்டுவதை எல்லாம் ஒரே நாளில் தீர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டச் சொல். ஆயுத பூஜைக்கு அங்கேதான் இருப்பேன். தினேஷிடம் என் சைஸ் ஸ்பானர் இருக்காது, நானே கொண்டுவருகிறேன்.

சிட்டிபாபு

*

பிள்ளையார்பாளையம்
13 அக்டோபர் 2025

மாமாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அத்தை போனில் சொன்னார். நீங்கள் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. உங்களோடு கத்திப் பேசிப் பேசி அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கும் உங்களைத்தான் திட்டுகிறாள். காது கேட்காதவனைத் திட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லையாம், பாதிதான் போய்ச் சேர்ந்திருக்குமாம். மீதியைத் திவசத்துக்கு வரும்போது சொல்வாளாம்.

நாடாவை என்ன செய்வது என்று நாம் இரண்டு பேரும் தயங்கினோமே, அவள் தயங்கவில்லை. சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இப்போது அதிலேயே இழை போட்டு நெய்துகொண்டிருக்கிறாள். "நல்ல கட்டை. இந்தக் காலத்துல கெடைக்குதா?" என்கிறாள்.

நீங்கள் ஓடும்படி செய்துவிட்டுப் போன பச்சையை நேற்று நான் ஓட்டினேன். தினேஷ் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவை விட்டு வெளியே, செவிலிமேடு வழியாகப் பாலாற்றுப் பாலம் வரைக்கும். டவுன் பஸ் டிரைவர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி, "மாணிக்கம் அண்ணன் வண்டியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வழிவிட்டு ஹாரன் அடித்தார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் அவரைத் திட்டினார்கள். பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, அப்பாவை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். திரும்பி வரும்போது நல்ல பசி. வீட்டுக்கு வந்து ஆறு இட்லி சாப்பிட்டேன்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

கலைவாணி

*

ஓசூர்
24-10-25

பாப்பா,

தீபாவளி வேலையில் பதில் தாமதம். அதிரசம் பார்சல் வந்தது. அண்ணி கையின் பாகு மாறவில்லை.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். ஒன்று சொல்கிறேன். இந்த ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. அஞ்சு தடவை சிட்டிபாபு. பிரேக் வேலை செய்த வண்டி எதையும் ஐந்து தடவை அடியில் படுத்துப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. வண்டிக்காரர்கள் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள், திட்டுவார்கள், சிரிப்பார்கள். சில நாள் கேட் வரைக்கும் போன வண்டியை நிறுத்தி மறுபடியும் படுத்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான்.

நேற்று ஒரு காய்கறி டெம்போ வந்தது. பிரேக் வேலை. முடித்தேன். பின்னை மடித்தேன், ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன், கை கழுவினேன், சாப்பிட வந்துவிட்டேன். ரசம் ஊற்றிக்கொள்ளும்போதுதான் நினைவு வந்தது, ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன் என்று. கை அப்படியே நின்றது. கங்கையம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ரசம் சாப்பிட்டேன். மோர்ச்சோறும் சாப்பிட்டேன். ஊறுகாய் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுந்து வெளியே வந்து பார்த்தால், வண்டிக்காரன் டெம்போவை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிட்டிபாபு